கோகிலா விரலைப் பார்ப்பதில்லை

மே 11, ஞாயிறு. பாங்காக்

மூன்று வாரம், மூன்று ஊர். பாங்காக், கோலாலம்பூர், தைபே. ஊர் திரும்பும்போது நான் ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் ஆசியப் போட்டி. பேட்மிண்டன் பெண்கள் இரட்டையரில் என் இடம் உறுதி. என்னோடு ஆடப்போவது கோகிலவாணியா, வெளியே காத்திருக்கும் புனிதாவா என்பதுதான் கேள்வி. சென்னை விமான நிலையத்தில் கோகிலா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் பயிற்சியாளர் இளவழகன் சார் என்னைத் தனியாக அழைத்தார்.

"கோகிலா கொஞ்ச நாளா சரியில்ல ஜெசி. கோர்ட்ல கவனம் எங்கயோ இருக்கு. நீ கூடவே இருக்கப் போற. பாத்து எழுதி வை. திரும்பறப்ப கோகிலாவா புனிதாவான்னு சொல்லு. நீ சொல்ற பேரைத்தான் குடுக்கப் போறேன்."

போன மாதம் முகாமில் ஒரு மனநல மேடம் வந்து வகுப்பு எடுத்தார். உடம்பு களைத்தால் கால் சொல்லிவிடும், மூளை களைத்தால் களைத்த ஆளுக்கே தெரியாது என்றார். அறிகுறிகளும் சொன்னார். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விடுவது, தேவையில்லாமல் பேசுவது, எரிச்சல், சின்ன விஷயத்தை முடிவு செய்யத் திணறுவது, தூக்கத்தில்கூட வரும் பழகின வேலை கைதவறுவது. கோகிலாவை மனதில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கோபிக்காரி, இருபத்து மூன்று வயது. நான் தூத்துக்குடி, முப்பதை எட்டப் போகிறேன். மூன்று வருடமாகச் சேர்ந்து ஆடுகிறோம். பாசம் வேறு, குறிப்பு வேறு. உள்ளதை உள்ளபடி எழுதுவதாக இருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

முதல் சுற்று வெற்றி. எதிரே டென்மார்க் பெண்கள். நல்ல உயரம், மந்தமான கால்.

குறிப்பு ஒன்று: கோகிலா என் விரலைப் பார்ப்பதில்லை.

சர்வீஸ் போடுவதற்கு முன் நான் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் ஷார்ட். ஷட்டில் வலையை உரசினாற்போல் போய் முன்னாலேயே விழும், கோகிலா பின்னால் நிலையாக நின்றால் போதும். இரண்டு விரல் என்றால் ஃப்ளிக். கடைசி நொடியில் மணிக்கட்டைத் தட்டி எதிராளியின் தலைக்கு மேலே பின்னால் தூக்குவேன். அப்போது அவள் உடனே ஒரு பக்கம் விலகி, இருவரும் ஆளுக்குப் பாதியாகக் கோர்ட்டைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நடுவில் பெரிய ஓட்டை விழும். எல்கேஜி பிள்ளைக்குச் சொன்னாலும் புரிந்துவிடும்.

இன்று இடையில் ஒருமுறை சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அவள் பார்வை என் விரலில் இல்லை, எங்கோ மேலே இருந்தது. கவனச் சிதறல்.

மே 15, வியாழன்

தோல்வி. கொரியாக்காரிகள் பதினெட்டு நிமிடத்தில் முதல் செட்டை முடித்துவிட்டார்கள். எழுத ஒன்றுமில்லை.

ஹோட்டலில் அறைக் கதவின் அட்டை வேலை செய்யவில்லை. கீழே போய் மாற்றி வந்தும் திறக்கவில்லை. கோகிலா வந்து, "அக்கா, இது அஞ்சாவது மாடி. நம்முது ஆறுங்க்கா" என்றாள். எல்லா மாடியிலும் ஒரே கம்பளத்தை விரித்து வைத்தால் யாருக்குத்தான் தெரியும்.

மே 16, வெள்ளி

துணி துவைத்தேன். சாக்ஸ் காயவில்லை.

மே 20, செவ்வாய். கோலாலம்பூர்

முதல் சுற்று வெற்றி, மூன்று செட் போனது.

குறிப்பு இரண்டு: தேவையில்லாத பேச்சு. ஒவ்வொரு புள்ளிக்கு முன்னும் கோகிலா ஸ்கோர் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். "பதினொண்ணு எட்டுங்க்கா, நாம லெஃப்ட்டுங்க்கா." நம் புள்ளி இரட்டைப்படை என்றால் வலது கட்டத்திலிருந்து சர்வீஸ், ஒற்றைப்படை என்றால் இடது. பத்து வயதிலிருந்து ஆடுகிறேன், எனக்கு இவள் சொல்லித்தர வேண்டுமா? பேசாமல் ஆடு என்று அதட்டினேன். சரிங்க்கா என்றாள். அடுத்த புள்ளியில் மறுபடியும் சொன்னாள்.

எனக்கு எரிச்சல் வருவது நியாயம். அவளுக்கு எரிச்சல் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

மே 21, புதன்

காலை உணவு எடுக்கிற இடத்தில் இட்லியும் இருந்தது, நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறும் இருந்தது. எது வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு சீனத் தாத்தா தொண்டையைக் கனைத்தார். கோகிலா என் கையிலிருந்த தட்டை வாங்கி, இரண்டு முட்டையும் ரொட்டியும் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்கு என்ன வேண்டும் என்று அவளே முடிவு செய்துவிடுகிறாள். அதிகாரம் கூடிவிட்டது.

மாலையில் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, நான் விரலக் காட்டுதேன். நீ எங்கட்டி பாக்க?"

"பாக்கறனுங்க்கா."

"பொய் சொல்லாத. நான் திரும்பிப் பாத்தேம்லா? என் முழங்கையப் பாத்துக்கிட்டு நிக்க."

கொஞ்ச நேரம் ராக்கெட்டின் கைப்பிடித் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சரிங்க்கா. நாளைக்கு விரலயே பாக்கறேன்" என்றாள். சொன்னால் கேட்கிற பிள்ளைதான்.

மே 22, வியாழன்

படுதோல்வி.

இன்று ஒவ்வொரு புள்ளியிலும் விரலைப் பார்த்தாள். அதை ஒப்புக்கொள்கிறேன். பார்த்துவிட்டு வேறு எங்கோ ஓடினாள். நான் ஷார்ட் போட்டால் இவள் விலகிப் போகிறாள், ஃப்ளிக் போட்டால் மரம்போல் நிற்கிறாள். பார்த்தும் புரியவில்லை என்றால் மூளை எவ்வளவு களைத்திருக்க வேண்டும்.

சாரிடம் சொன்னேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். "புனிதாவுக்கு இப்பவே சொல்லி வைக்கட்டுமா?" என்றார். பயணம் முடியட்டும் சார் என்றேன். ஆனால் பெயர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது. ஜனவரியிலிருந்து நான் சொந்த வீட்டில் தூங்கிய நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நாளெல்லாம் பக்கத்துக் கட்டிலில் இவள்தான் குறட்டை விட்டிருக்கிறாள்.

மே 22, வெள்ளி

கடையில் பற்பசை வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. பாங்காக் கடை ரசீது ஒட்டியிருக்கிறது. கோகிலாவுக்கு ஒன்று கொடுத்துவிட்டேன்.

(இன்று 23 என்கிறாள். இருக்கலாம்.)

மே 25, ஞாயிறு. தைபே

மழை. அம்மா கூப்பிட்டாள். எடுத்து என்ன பேசுவது என்று யோசித்து முடிப்பதற்குள் மணி நின்றுவிட்டது. திரும்பக் கூப்பிட வேண்டும்.

மே 28, புதன்

முதல் சுற்று வெற்றி. கோகிலா பழையபடி விரலைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. போகப்போகிறவளிடம் என்ன சண்டை?

ஸ்கோர் சொல்வதும் நிற்கவில்லை. இப்போது பழகிவிட்டது. ஒரு புள்ளியில் சொல்ல மறந்துவிட்டாள் போலிருக்கிறது, நடுவர் என்னைப் பார்த்து வலது கட்டத்தைக் கை காட்டினார். போனேன்.

அம்மாவைக் கூப்பிட வேண்டும்.

மே 29, வியாழன்

வெற்றி! ஐந்தாம் நிலை ஜோடியை வீழ்த்திவிட்டோம். இரண்டு மாதத்துக்குப் பிறகு கால் இறுதி. கோகிலா பின்னால் நின்று அடித்த அடியில் அரங்கமே எழுந்து நின்றது. நான் ஃப்ளிக் தூக்கிய ஒவ்வொரு முறையும், நான் தட்டுவதற்கு முன்பே அவள் விலகி நின்றாள். விரலைப் பார்க்காமல் எப்படி என்று தெரியவில்லை. குருட்டாம்போக்கு என்று எழுதலாம் என்றால் ஒவ்வொரு முறையுமா?

சார் சிரித்தார். "இவ இப்படி ஆடினா புனிதாவ என்ன பண்றது?" என்றார். "ஒரு நாள் ஆட்டத்த நம்ப முடியாது சார்" என்றேன். நான்தான் சொன்னேன்.

மே 30, வெள்ளி

தோல்வி. உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

ஜப்பான் ஜோடி. மூன்றாவது செட்டில் இருபதுக்குப் பத்தொன்பது, நாங்கள் முன்னிலை. ஒரு புள்ளி எடுத்தால் அரையிறுதி. சர்வீஸ் என்னுடையது.

இடது கட்டத்தில் போய் நின்றேன். "இருபதுங்க்கா, ரைட்டுங்க்கா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வலதுக்குப் போனேன். இடக்கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். எந்த விரல் எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

மறந்துவிட்டது என்று எழுதினால் சரியாகாது. மறந்தால் தேடுவோம். எனக்குத் தேடவே தோன்றவில்லை. கை முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவ்வளவுதான். எதிரே ஜப்பான் பெண் குனிந்து காத்திருந்தாள். அவள் காலணி மஞ்சள் நிறம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவர் ஆடச் சொன்னார்.

நான் திரும்பி வாய்விட்டே கேட்டேன்.

"ஏட்டி, என்ன போட?"

கோகிலா கிட்டே வந்தாள். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. "ஷார்ட் போடுங்க்கா. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். எதிரே நின்றவர்களுக்குத் தமிழா தெரியும்? இத்தனை நாள் எதற்கு விரலைக் காட்டிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. அந்த நேரத்தில் தோன்ற வேண்டிய யோசனையா அது?

ஷார்ட் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஷார்ட் போடத்தான் ராக்கெட்டை நகர்த்தினேன். மணிக்கட்டு தட்டிவிட்டது. ஷட்டில் மேலே போனது. நான் சொன்னதை நம்பி, இல்லை, அவள் சொன்னதை நான் செய்வேன் என்று நம்பி, கோகிலா நடுவில் நின்றாள். மஞ்சள் காலணிக்காரி பின்னால் எகிறி, கோகிலாவுக்கு எட்டாத ஓரத்தில் அடித்தாள். இருபது சமம். அதன் பிறகு இரண்டு புள்ளி போனது எனக்குச் சரியாக நினைவில்லை.

கை குலுக்கிவிட்டு வெளியே வந்ததும் சார் கோகிலாவிடம் பாய்ந்தார். அரங்கத்துச் சத்தத்தில் நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது.

"மேட்ச் பாயிண்ட்ல அந்த ஃப்ளிக்குக்கு ஏன் நகரல? விரல பாத்தியா நீ?"

கோகிலா என்னைப் பார்க்கவில்லை. "இல்லீங் சார். பாக்கல. தப்புதானுங்" என்றாள்.

நான் பக்கத்தில் நின்று ராக்கெட்டை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஜிப் சிக்கியிருந்தது. ஜிப்பைச் சரி செய்தேன்.

மே 30, அன்றே இரவு

சார் தன் டேப்லெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வார ஆட்டமும் அதில் இருக்கிறது, கோர்ட்டுக்குப் பின்னால் ஓரத்திலிருந்து எடுத்தது. "இந்த ஊர்ல ஒரு பாயிண்ட்ல கூட அவ விரல பாக்கல. நீயே பாரு. பாத்துட்டு நாளைக்கு ஏர்போர்ட்ல பேரச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். சார் சொன்னது சரிதான். கோகிலா விரலைப் பார்க்கவில்லை. என் வலது முழங்கையைத்தான் பார்க்கிறாள்.

பிறகு ஒரு விஷயத்துக்காகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். திரையில் என் கை பின்னால் வருகிறது. ஒரு விரல். ஷட்டில் மேலே போகிறது. அடுத்தது இரண்டு விரல். ஷார்ட் விழுகிறது. அடுத்தது ஒரு விரல், ஷார்ட், சரி. அடுத்தது மூன்று விரல். எங்களுக்குள் மூன்று விரல் என்று ஒன்றே கிடையாது.

கோலாலம்பூர் ஆட்டத்தையும் போட்டேன், அவள் சொன்னபடி விரலைப் பார்த்து ஆடிய அந்த ஆட்டத்தை. என் விரல் எங்கே போகச் சொன்னதோ அங்கே சரியாக ஓடியிருக்கிறாள், ஒரு பிசகு இல்லை.

சார் அவள் கண்ணையே பார்த்திருக்கிறார். நானும் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கோகிலா குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். டேப்லெட்டைப் பார்த்ததும் துண்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்துட்டி?" என்று கேட்டேன்.

"மார்ச்சுலருந்துங்க்கா. மொதல்ல எனக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒவ்வொரு சர்வீஸுக்கும் நின்னு யோசிப்பீங்க. இருக்கற சர்வீஸும் போயிரும். அதான் முழங்கையப் பாத்துப் பழகிக்கிட்டேன். ஃப்ளிக்குன்னா உங்க முழங்கை துளி வெளிய வருங்க்கா. உங்களுக்கே தெரியாது."

"கோலாலம்பூர்ல?"

"நீங்க சொன்னீங்களேன்னு விரலப் பாத்தேன். அன்னைக்கே பொட்டி கட்டிட்டோம்." கொஞ்சம் சிரித்தாள்.

"இன்னைக்குச் சாருகிட்ட நீ ஏன் திட்டு வாங்குன?"

துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "வேற ஆரோடயோ ஆடறதுக்கு உங்களோட ஆடித் திட்டு வாங்கிக்கறது பரவால்லீங்க்கா."

நாளைக்கு நான் சொல்வதாக இருந்த பெயரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் வெட்கமாகவே இருந்தது.

மே 31, சனி. தைபே விமான நிலையம்

சார் இரண்டு காபி வாங்கி வந்து ஒன்றை என் முன்னால் வைத்தார். கோகிலா கொஞ்சம் தள்ளி, எங்கள் மூன்று பேரின் பெட்டிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

"சரி, சொல்லு. புனிதாதானே?"

"புனிதாவும் கோகிலாவும் சார்."

"ஒரு பேர் சொல்லும்மா. குழப்பாத."

"குழப்பல சார். அவங்க ரெண்டு பேரும் ஆடட்டும். நான் இல்ல."

அவர் முகம் மாறியது. அடிபட்டிருக்கிறதா, கல்யாணமா, வீட்டில் ஏதாவதா என்று வரிசையாகக் கேட்டார். நான் டேப்லெட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "அவ கண்ண விட்டுருங்க. என் கையப் பாருங்க சார்" என்றேன்.

பார்த்தார். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தார். அவர் காபி ஆறிப்போனது. என்னுடையதைக் குடித்துவிட்டேன்.

"எத்தன நாளா இப்படி?"

"எனக்குத் தெரியாது சார். அவளுக்குத்தான் தெரியும்."

டேப்லெட்டை மூடி வைத்தார். பிறகு அந்த மனநல மேடத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார். செப்டம்பருக்குள் சரியாகிவிடும் என்றார். சரியாகலாம். அதற்காக இன்னொருத்தி என் முழங்கையைப் பார்த்துக்கொண்டே ஆசியப் போட்டி ஆட வேண்டாம் என்றேன். இருபது வருடம் காத்திருந்தது இந்த ஒரு போட்டிக்காக. அதை வேண்டாம் என்று சொன்னபோது குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் அழுகை வந்தது. வெளியே வந்தால் கோகிலா கையில் என் போர்டிங் பாஸோடு நிற்கிறாள்.

"அக்கா, கேட் மாத்திட்டாங்க. வாங்க போலாம்."

மேடம், இந்தக் குறிப்புகளை உங்களிடம்தான் தரப்போகிறேன். கோகிலாவின் அறிகுறிகள் என்று நான் எழுதியிருக்கிற இடங்களை யாருடையவை என்று நீங்களே வாசித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 15, ஞாயிறு. தூத்துக்குடி

எழுதி இரண்டு வாரம் ஆகிறது. பெரும்பாலும் தூங்கினேன். எழுந்தால் அம்மா சோறு போடுகிறாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறேன். மேடம் ராக்கெட்டைத் தொடக்கூடாது என்றிருக்கிறார். இட்லியா தோசையா என்று என்னிடம் கேட்கக்கூடாது என்று அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு அதில் பரம சந்தோஷம்.

இன்று கோகிலா கூப்பிட்டாள். முகாமிலிருந்து பேசினாள். ஷட்டில் அடிபடும் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

"புனிதா எப்படிட்டி?"

"நல்லா ஆடறாங்க்கா. விரலு கரெக்டாத்தான் காட்டறா."

"பெறகென்ன?"

"எனக்குத்தான் விரலப் பாக்கவே வரமாட்டீங்குது. முழங்கையவே பாத்துட்டு நிக்கறேன். அவளுக்கு முழங்கை அசையவே மாட்டீங்குதுங்க்கா. சார் தெனமும் திட்டறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பழகிரும்ட்டி என்று சொன்னேன். அவளை அப்படி ஆக்கியது நான்தான், வேறு என்ன சொல்வது?

"நீங்க எப்பங்க்கா வருவீங்க?"

"இன்னைக்கு என்ன கிழமைட்டி?"

"ஞாயித்துக்கெழமைங்க்கா. பதினஞ்சு."

அவள் வைத்த பிறகுதான் மேலே தேதியை எழுதினேன்.